பிறந்தநாளுக்கு ஊருக்குப் போகிறோம், எந்தக் கூத்துக்குப் போவது?

மே மாதம் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். ஆயாவுக்கோ தாத்தாவுக்கோ 70, 75 என்று ஒரு பிறந்தநாள். பெங்களூரில் ஒரு மகன், சென்னையில் ஒரு மகள், கோயம்புத்தூரில் இன்னொருவர். பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து எல்லாரும் ஊரில் கூடுகிறார்கள். அதே சமயம் பக்கத்து ஊரில் பாரதம் நடக்கிறது. "ஒரு ராத்திரி எல்லாரும் கூத்துக்குப் போயிட்டு வரலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். முழு ராத்திரியா, அர்ச்சுனன் தபசா, படுகளமா, இல்லை பேசாமல் கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சிக்கே போய்விடலாமா என்ற குழப்பமும் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

வெளியூரிலேயே வளர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பங்குனி தொடங்கி வைகாசி வரைக்கும் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் விழும் படுகளமும் தீமிதியும். 18 நாள் என்பது வழக்கம். ஊரின் வசதியைப் பொறுத்துக் கூடும், குறையும். எந்த ராத்திரி எந்தக் கதை, யார் உபயம் என்பதெல்லாம் நோட்டீஸில் அச்சாகியிருக்கும். அந்த நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது கைக்கு வராமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

## முதலில் தேதி

கூத்து நகராது, பிறந்தநாள் நகரும். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் இருக்கும் தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்டதுதான். "நான் பொறந்தது மாங்கா காலம்" என்பதற்கு மேல் அவர்களுக்கே தெரியாது. அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு, கூத்தே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாரும் லீவு போட்டு வருவதில் அர்த்தமில்லை. நட்சத்திரம் பார்த்துச் செய்யும் 60, 70, 80 ஆகிய சாந்திகள் மட்டும் வேறு கணக்கு. அவற்றைக் கூத்தோடு சேர்க்காதீர்கள். விடியற்காலையில் ஹோமத்துக்கு உட்கார வேண்டியவரை முதல் நாள் ராத்திரி கண்விழிக்க வைக்கக் கூடாது.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லாவற்றுக்கும் முதலில், கொண்டாடப்படுகிறவரின் முழங்காலும் சிறுநீர்ப்பையும். இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், ஆனால் இதில்தான் பாதி முடிவு இருக்கிறது. கூத்துக் களத்தில் கழிப்பறை இருக்காது. நடந்து போகிற தூரத்தில் சொந்தக்காரர் வீடு இருக்கிற ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்படி வீடில்லை என்றால், கூத்து எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. காப்புக் கட்டிய ஊர்களில் பெரும்பாலும் திருவிழா முடிகிறவரை கறி, மீன் அடுப்பில் ஏறாது. பிரியாணி போட்டுப் பிறந்தநாள் கொண்டாடலாம் என்று கிளம்பி வந்த பேரப்பிள்ளைகள் தயிர்சாதத்தைப் பார்த்து முகம் சுளிப்பதில் வியப்பில்லை. முட்டை போட்ட கேக்கையும் ஆயா தொடமாட்டார். இன்னொன்று, காப்புக் கட்டிய பிறகு வெளியூரில் ராத் தங்கக் கூடாது என்கிற ஊர்களும் உண்டு. அப்படியிருந்தால் ஆயாவை ஓசூர் ஓட்டலுக்கு அழைத்துப்போய்க் கொண்டாடுகிற திட்டமும் நடக்காது.

மூன்றாவது, திரும்பிப் போகிற வண்டி. இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம், கீழே வருகிறது. பிறகு மழை. மே மாதத்தில் பகலெல்லாம் புழுங்கிவிட்டு மாலையில் இடியோடு கொட்டுவது இங்கே சகஜம். சிறு மழை என்றால் ஒதுங்கி நின்று, விட்டதும் தொடர்வார்கள். பெருமழை என்றால் அன்றைய ராத்திரி போனதுதான். அதனால் ஒரே ஒரு ராத்திரியை மட்டும் நம்பி 250 கிலோமீட்டர் வர வேண்டாம், கையில் இன்னொரு நாள் இருக்கட்டும்.

கடைசியாக, கூத்து எவ்வளவு கிடைக்கும் என்பது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு வருவதும் கூத்தைப் பார்த்துவிட்டு வருவதும் ஒன்றல்ல.

## முழு ராத்திரிக் கூத்து

நோட்டீஸில் 10 மணி என்றிருக்கும். ஆனால் 8 மணிக்கே போங்கள், கூத்துக்காக அல்ல, வேஷம் கட்டுவதைப் பார்க்க. மேடைக்குப் பின்னால் தென்னங்கீற்றுத் தடுப்பிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ, ஒற்றைக் குழல் விளக்குக்குக் கீழே, கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முகத்தில் அரிதாரம் பூசி, புருவம் இழுத்து, கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைக்கவே வெகுநேரம் ஆகும். பக்கத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் சாய்த்து வைத்திருக்கும். பார்க்கக் கனமாகத் தெரிந்தாலும் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை. பீடி பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த மனிதர் கண்முன்னாலேயே துரியோதனனாக மாறுவதைப் பார்க்கும் சிறுவர்களுக்கு அப்புறம் தூக்கம் வராது. தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். செல்போனை முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது.

களத்தில் முதலில் மத்தளமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து முழங்கும். கடவுள் வாழ்த்து முடிந்து கட்டியக்காரன் வருவான். பாட்டும் வசனமும் பழைய தமிழில் போனாலும், அவன் குறுக்கே புகுந்து கேள்வி கேட்டு, கிண்டல் செய்து, எல்லாவற்றையும் நம் பேச்சில் அவிழ்த்துவிடுவான். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளும் அவனைப் பிடித்துக்கொண்டு கதைக்குள் போய்விடலாம். ராஜவேஷம் வரும்போது இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். மேலே கிரீடத்தின் முனை, கீழே சலங்கை கட்டிய கால். நடுவில் இருக்கும் ஆள் உடனே தெரியமாட்டார். பாடி, ஆடி, திரையைப் பிடித்து உலுக்கி, பிறகுதான் முகம் காட்டுவார்.

இப்படி ஒவ்வொரு வேஷமாக வந்து முடிய நள்ளிரவு ஆகிவிடும். அதனால்தான் "ரெண்டு மணி நேரம் பார்த்துட்டு வந்துடலாம்" என்கிற திட்டத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. 10 மணிக்குப் போய் 12 மணிக்கு எழுந்து வருகிறவர்கள் கதை சூடுபிடிக்கும்போது வீட்டில் படுத்திருப்பார்கள். பகடை துகில் ராத்திரியில் சூதாட்டமும் துகிலுரிதலும் நள்ளிரவுக்குப் பின்தான். அந்தக் கட்டத்தில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் துச்சாதனன் சேலையில் கை வைப்பான். அரட்டை அடித்துக்கொண்டிருந்த கூட்டம் தானாக அடங்கும்.

இதில் மறைந்திருக்கும் செலவு மறுநாள். ஆளாளுக்கு மதியம் வரை தூங்குவார்கள். பிறந்தநாள் சாப்பாட்டை அன்று வைத்தால் சமைக்கவும் ஆள் இருக்காது, பரிமாறவும் ஆள் இருக்காது. அதைவிடப் பெரியது வண்டி. சேலம், கோயம்புத்தூர் போகிறவர்கள் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். நல்லா தூங்கி எழுந்தவர்களே கவனமாக ஓட்ட வேண்டிய இறக்கம் அது. லாரிகள் மோதிக்கொள்ளும் செய்தி ஓய்வதே இல்லை. கண்விழித்த காலையில் அங்கே ஓட்டுவதற்குக் கூத்துப் பார்க்காமலே இருக்கலாம். பெங்களூர் போகிறவர்களுக்கு கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை ஓசூர் நெரிசலில் தூக்கக் கலக்கத்தோடு நிற்பதும் ஆபத்துதான். ஒரு நாள் தங்கிப் போக முடிந்தால் மட்டும் முழு ராத்திரி.

உங்கள் ஆயா சின்ன வயதில் பாய் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூத்துப் பார்த்தவர் என்றால் இதைவிட நல்ல பிறந்தநாள் பரிசு கிடையாது. பாட்டை அவரே முணுமுணுப்பார். கூத்தே பார்த்திராத மருமகளும் மூன்று வயதுக் குழந்தையும் கூட வருகிறார்கள் என்றால் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு ஆயாவோடு இரண்டு பேர் போனால் போதும். எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பதால்தான் பாதிக் கூத்தில் சண்டை வருகிறது.

## பின்னிரவில் மட்டும் போவது

நான் அதிகம் சிபாரிசு செய்வது இதைத்தான். 8 மணிக்கே சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். இரண்டு, இரண்டரைக்கு எழுந்து, முகம் கழுவி, போர்வையோடு போங்கள். பாதிக் கூட்டம் பாயிலேயே தூங்கிப்போயிருக்கும், முன்னால் இடம் தாராளமாகக் கிடைக்கும். கதை உச்சத்தில் இருக்கும். விடிகிறபோது கூத்து முடியும், டீக்கடை திறந்திருக்கும். வீட்டுக்கு வந்து பெரியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, புதுத்துணி கொடுத்து, மதியம் விருந்து. நாள் வீணாகாது.

தொந்தரவு இல்லாமல் இல்லை. எழுப்பும்போது குழந்தைகள் அழும். முன்கதை தெரியாமல் நடுவில் போய் உட்காருவதால், சாயங்காலமே யாராவது கதையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஆயாவைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. கிராமத்துச் சாலையில் அந்நேரம் இரண்டு சக்கர வண்டி வேண்டாம்.

நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களில் நள்ளிரவு வரை அரசு தளர்வு கொடுக்கலாம், அதுவும் ஆண்டுக்குச் சில நாட்கள்தான். இதனால் கூத்தை முன்னதாகவே தொடங்கிச் சுருக்கி முடிக்கும் ஊர் என்றால், இரண்டரை மணிக்குப் போகிறவர்கள் காலி மேடையைத்தான் பார்ப்பார்கள்.

## அர்ச்சுனன் தபசு

சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் தவம் போகும் கட்டம். உயரமான மரத்தை நட்டுப் படி அடித்திருப்பார்கள். வேஷக்காரர் படிக்குப் படி பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சிக்குப் போனதும் எலுமிச்சை, வில்வம், பூ, விபூதிப் பொட்டலம் எல்லாம் மேலிருந்து விழும். குழந்தை வரம் கேட்டு ஈரத்துணியோடு நிற்கும் பெண்கள் முந்தானையில் பிடிப்பார்கள். நேரம் ஊருக்கு ஊர் மாறும். பகலிலோ மாலையிலோ நடக்கிற ஊராக இருந்தால் குடும்பத்தோடு போகத் தோதானது இதுதான்.

சின்னப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடியே இருப்பார்கள், ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை. ராத்திரி தூக்கமும் கெடாது. ஆனால் பெரியவருக்கு அண்ணாந்து பார்ப்பது கழுத்துவலி. பழம் விழும் இடத்தில் தள்ளுமுள்ளும் இருக்கும். நாற்காலியை மரத்தடியில் போடாமல், தள்ளி ஏதாவது திண்ணையில் போடுங்கள். கூத்தாகப் பார்த்தால் இதில் வசனமும் மோதலும் குறைவு. கட்டியக்காரனின் கிண்டலுக்காக வருகிறவர்களுக்குச் சப்பென்றிருக்கும்.

## படுகளமும் தீமிதியும்

கோயில் வெளியில் துரியோதனனைப் பிரமாண்டமாக மண்ணில் படுக்க வைத்து, வண்ணம் தீட்டி வைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழும், செந்நீர் கொட்டும், விரிந்த கூந்தலோடு இருந்த திரௌபதி அதைத் தடவிக் கூந்தலை முடிவாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைத்துக்கொண்டு முறமும் துடைப்பமுமாக வருகிற ஊர்களில் கூட்டத்தில் நிற்பவர்களுக்கும் நாலு அடி விழும். நல்லது என்று போய் நின்று வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. சாயங்காலம் தீமிதி.

பகலில் நடப்பதால் தூக்கக் கணக்கு இல்லை. கண்ணுக்கு விருந்து, கதையும் தெரிந்த கதை. வெளியூர் சம்பந்தி வீட்டாரையும் நண்பர்களையும் அழைத்துப்போக இதற்கு இணை கிடையாது. ஆனால் சித்திரை, வைகாசி வெயில் உச்சியில் இருக்கும் நேரம், நிழல் கிடையாது. 75 வயதுக்காரரை அங்கே நிற்க வைத்தால் பிறந்தநாள் ஆஸ்பத்திரியில்தான் முடியும். எட்டடி தள்ளி மாடியோ மரநிழலோ உள்ள வீடு கிடைத்தால் மட்டும் அழைத்துப்போங்கள். கூட்டமும் மற்ற நாட்களைப்போல இல்லை. வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

செலவும் உண்டு. உங்கள் சொந்த ஊர்த் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடுவது) பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருக்கும் பங்காளிகளுக்கும் வரி உண்டு. பல வருஷம் கழித்து ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டால் அங்கேயே கணக்கு வரும். இதில் ஒரு வசதியும் இருக்கிறது: திருவிழா நிறைவாகிக் காப்புக் கழற்றிய பிறகு கறிச்சோறு போடலாம். பிரியாணிதான் வேண்டும் என்கிற குடும்பங்கள் படுகளத்துக்கு வந்து, தங்கி, நிறைவுக்கு மறுநாள் பிறந்தநாளை வைத்துக்கொள்ளலாம்.

## மாங்கனி கண்காட்சி

கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனி கண்காட்சி பெரும்பாலும் ஜூன், ஜூலையை ஒட்டி வரும். மாலையில் மேடையில் கலைநிகழ்ச்சி. 10 மணிக்குள் வீடு திரும்பலாம். தோதாபுரி, செந்தூரா, பங்கனபள்ளி, மல்கோவா, இமாம்பசந்த் என்று வரிசையாக வைத்திருப்பதைத் தோட்டம் வைத்திருந்த தாத்தாவோடு பார்ப்பது தனிச் சுகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்வார். ஆனால் பள்ளி திறந்துவிடும், சனி ஞாயிறுதான் வர முடியும், அன்றுதான் கூட்டமும். மேடை நிகழ்ச்சி எது கிடைக்கும் என்பது அன்றன்றைய யோகம். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் பிள்ளைகள் இழுக்கிற இழுப்பில், நுழைவுச்சீட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு வந்தவர்கள் திணறிப்போவார்கள். கூத்துக்கு மாற்று என்று இதை நான் எண்ணவில்லை. ராத்திரி கண்விழிக்கவே முடியாத பெரியவருக்கு நல்ல மாலைப்பொழுது, அவ்வளவுதான்.

## ஜமாவை (கூத்துக் குழுவை) வீட்டுக்கே அழைப்பது, அல்லது உபயம்

பணம் இருக்கிறவர்களுக்கு வரும் யோசனை. பிறந்தநாளன்று வீட்டு வாசலிலேயே கூத்து. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் பங்குனி முதல் வைகாசி வரை நல்ல ஜமாக்களுக்கு ஓய்வே இருக்காது. அந்த நாளில் சும்மா இருக்கிற ஜமா ஏன் சும்மா இருக்கிறது என்று யோசியுங்கள். பேசி முடித்த தொகையோடு மேடை, விளக்கு, மைக் செட், ஆட்களுக்கு ராத்திரிச் சாப்பாடு, நடுவில் டீ, போக வர வண்டி எல்லாம் உங்கள் தலையில். காவல் நிலைய அனுமதியும் வாங்க வேண்டும்.

கதையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். கர்ண மோட்சம் அருமையான கூத்துதான், ஆனால் நம் பக்கம் கருமாதி வீடுகளில் வைப்பது அது. பேரப்பிள்ளை ஆசையாகப் பேசி வைத்துவிட்டு வந்தால் ஊரே வாயில் கை வைக்கும். வள்ளி திருமணம், சுபத்திரை கல்யாணம் போன்ற மங்கலக் கதையாகக் கேளுங்கள்.

அதைவிட, பாரதத்தில் ஒரு ராத்திரி உபயத்தை ஆயா பேரில் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஜமா, மேடை, அனுமதி எல்லாம் ஊர்ப்பொறுப்பு. பேர் நோட்டீஸில் வரும், கோயில் மரியாதை கிடைக்கும். நோட்டீஸ் அச்சாவதற்கு முன்பே கேட்க வேண்டும். பல உபயங்கள் பரம்பரையாக ஒரே குடும்பத்தில் இருக்கும். அதில் கை வைக்கப் பார்க்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | பெரியவருக்கு | சிறுவருக்கு | பிறந்தநாள் விருந்து | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|---|
| முழு ராத்திரி | கூத்து ருசி கண்டவருக்கு மட்டும் | வேஷம் கட்டுவது வரை உற்சாகம், பிறகு தூக்கம் | மறுநாள் வேண்டாம் | ஒரு நாள் கூடுதல் தங்கல் |
| பின்னிரவு மட்டும் | ஏற்றது | 7, 8 வயதுக்கு மேல் | அன்று மதியம் | நேரம் தவறினால் கூத்தே இல்லை |
| தபசு | தள்ளி உட்கார்ந்தால் சரி | மிகப் பிடிக்கும் | முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம் | பெரிதாக இல்லை |
| படுகளம் | நிழல் இருந்தால் மட்டும் | பிடிக்கும் | நிறைவுக்குப் பின் கறிவிருந்து | வரி, வெயில், நடை |
| கண்காட்சி | எளிது | ராட்டினம் | மதியம் விருந்து, மாலை கண்காட்சி | ராட்டினம் |
| உபயம் | பெருமை | மற்ற ராத்திரிபோல்தான் | ஊரோடு சேர்ந்து | பங்காளிகளோடு பேச்சுவார்த்தை |

## களத்துக்குப் போனபின்

பாயும் போர்வையும், பெரியவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுபோங்கள். நாற்காலியை ஓரத்தில் போட வேண்டும். நடுவில் போட்டால் பின்னால் பாயில் இருப்பவர்கள் சத்தம் போடுவார்கள், அது நியாயமும்கூட. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேரே கைக்குழந்தையோடு உட்காராதீர்கள். சுடச்சுட மிளகாய் பஜ்ஜி கிடைக்கும். பெரியவரின் வயிற்றுக்கு வீட்டிலிருந்து ஏதாவது எடுத்துப்போவது நல்லது. 12 மணிக்குக் களத்தில் கேக் வெட்டுவது, மேடையேறி மைக்கில் வாழ்த்துப் பாட்டு என்றெல்லாம் வேண்டாம். வேஷக்காரர்கள் மரியாதைக்கு ஒதுங்கி நிற்பார்கள், ஆயாவுக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

ஊரறியச் சொல்ல வேண்டும் என்றால் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆட்டத்துக்கு நடுவே பிடித்தவர்கள் அன்பளிப்புக் கொடுப்பார்கள். கொடுத்தவர் பேரைச் சொல்லி, குடும்பம் நல்லா இருக்கணும் என்று கட்டியக்காரன் மைக்கில் வாழ்த்துவான். ஒரு சீட்டில் ஆயாவின் பேர், ஊர், இத்தனையாவது பிறந்தநாள் என்று தெளிவாக எழுதி 101, 501 எதுவோ வைத்துக் கொடுங்கள். மகன், மகள், மருமகன் எல்லாருடைய பேரையும் அந்த ஒரே சீட்டில் எழுதிவிடுங்கள். பெரிய மகன் 501 கொடுத்து அவன் பேரை மட்டும் வாசித்தால், சின்ன மகன் 1,001 எடுத்துக்கொண்டு எழுந்திருப்பான். மருமகன் சும்மா இருப்பாரா? அப்புறம் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போக அரைமணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.